நெய்வேலி வெளிச்சமும் சேத்தியாத்தோப்புச் சேரியும்: ‘தொழில்முனைவோர்’ ஆவதற்கு முன் ஒரு வரலாறு

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக என்.எல்.சி. நிறுவனத்தின் இயந்திரங்கள் வயலில் இறங்கின. போலீஸ் காவல் நின்றது. பயிராக நின்ற நெல்லை மண்ணோடு சேர்த்துப் புரட்டினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது.

நல்லது. ஆனால் அந்த நாற்றைப் பறித்தவள் யார்? சேற்றில் குனிந்து நட்டவள் யார்? அடுத்த வாரம் களை எடுக்கப் போக வேண்டியவள் யார்? இந்தப் பகுதியில் நடவுக்கும் களைக்கும் போகிறவர்களில் பெரும்பகுதி சேரிப் பெண்கள். அவர்களிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடம் இல்லை. நெல் செத்ததற்கு ஒரு விலை வைத்தார்கள். கூலி செத்ததற்கு யாரும் விலை வைக்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தூய ஆற்றல் துறையில் தொழில் தொடங்க உதவி, பயிற்சி, விதைநிதி, தொழில் வளர் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் அவற்றை அனுப்பி, “விண்ணப்பிக்கலாமா தோழர்?” என்று கேட்கிறீர்கள். கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் நீங்கள் நுழையப்போவது வெற்று மைதானம் அல்ல. இந்த மண்ணில் மின்சாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு, தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டிலும் நம் மக்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்று தெரிந்துகொண்டு போனால்தான் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

நிலக்கரி வந்த கதை

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் 58 ஆண்டுகள் ஓடி, 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. முதலியார் தொலைநோக்கோடு செயல்பட்டார் என்பதை நாம் மறுக்கவில்லை. அவருக்குத் தோண்ட ஒரு சொந்த நிலம் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நமக்கு ஏன் நிலம் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. பறையர்கள் தரிசு நிலத்தைக் கேட்டாலும், குடியிருக்க மனை கேட்டாலும், மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள் என்று அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு யார் கைக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நெய்வேலிக்கு நிலம் எடுத்தபோது இந்தப் பழைய கணக்கின் மேல்தான் புதிய கணக்கு எழுதப்பட்டது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்துக்கு நிலத்தில் உரிமை உள்ளவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தார். அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்தவர் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்றுக்கொண்டது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். வளையமாதேவி நிலங்களோ 2006-க்கும் 2013-க்கும் இடையில் எடுக்கப்பட்டவை என்பது நிறுவனத்தின் வாதம். சட்டம் வந்தது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு உதவும் நேரத்தில் வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெய்வேலி பொதுத்துறை நிறுவனம். அங்கே இடஒதுக்கீடு உண்டு. கடலூர் மாவட்டத்துத் தலித் குடும்பங்கள் பலவற்றில் முதல் மாதச் சம்பளம், முதல் சிமெண்ட் வீடு, முதல் பட்டதாரி ஆகியவை அந்த வேலையோடுதான் வந்தன. பண்ணைக்கூலியின் மகன் ஷிப்டுக்குப் போனான் என்பது சின்ன மாற்றம் அல்ல. ஆனால் நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகியபோது அந்தக் கதவு சாத்தத் தொடங்கியது. ஒப்பந்தக்காரரிடம் இடஒதுக்கீடு இல்லை. 2014-லும் 2023-லும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தங்களை இந்தப் பின்னணியில் பாருங்கள்.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

மின்சாரம் எதற்கு என்று இந்தியாவில் தெளிவாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் அண்ணல் அம்பேத்கர். 1918-இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையிலேயே அவர் ஒன்றைச் சொன்னார்: துண்டு நிலங்களை ஒட்டவைப்பதால் மட்டும் விவசாயம் பிழைக்காது, நிலத்தை நம்பி நிற்கும் உபரி மக்களுக்குத் தொழில்மயமாக்கம்தான் வழி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. 1943 அக்டோபர் 25 அன்று மின்சக்திக் கொள்கைக் குழுவில் பேசியபோது, மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த நாட்டின் ஏழை வறுமைச் சுழலிலிருந்து வெளியே வர முடியாது என்ற பொருளில் வாதாடினார்.

அவர் மின்சாரத்தை வெறும் பல்பாகப் பார்க்கவில்லை. மனிதனை நிலத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் கருவியாகப் பார்த்தார். நெய்வேலி அந்தக் கனவில் பாதியை நிறைவேற்றியது. மின்சாரம் வந்தது, தொழிற்சாலைகள் ஓடின. ஆனால் நம்மவர்கள் கூலியாகவோ ஊழியராகவோதான் உள்ளே போனார்கள்.

சேத்தியாத்தோப்பில் இந்த முரண்பாடு கண்ணுக்கெதிரே நிற்கிறது. வெள்ளாற்றின் அணைக்கட்டு இங்கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கே. 2004 முதல் வீராணம் தண்ணீர் சென்னைக்குப் போவது இந்த வழியாக. வடக்கே கொஞ்ச தூரத்தில் தென்னிந்தியாவுக்கே வெளிச்சம் கொடுத்த சுரங்கம். தண்ணீரும் மின்சாரமும் சர்க்கரையும் வெளியே போகும் ஊரில், சேரியில் ஒரு பெண் சொந்தமாக ஒரு பட்டறை வைப்பது இன்னும் செய்தியாகத்தான் இருக்கிறது.

அடைகாக்கும் கதை

இனி ‘இன்குபேட்டர்’ என்ற சொல்லுக்கு வருவோம். 1950-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற சிற்றூரில் பெரிய வேளாண் கருவித் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. அந்தக் கட்டடத்தை வாங்கியது மான்குசோ குடும்பம். முழுக் கட்டடத்தையும் எடுக்க எந்த நிறுவனமும் வராததால் அதைத் துண்டு துண்டாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டு, அலுவலக உதவி, கடனுக்கு வழிகாட்டல் எல்லாவற்றையும் ஜோசப் மான்குசோ சேர்த்துக் கொடுத்தார். 1959-இல் தொடங்கிய இதுவே உலகின் முதல் தொழில் வளர் காப்பகம் என்று சொல்கிறார்கள். அங்கே குடிவந்த தொழில்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிப்பகம். அதை வைத்துத்தான் ‘இன்குபேட்டர்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதல் காப்பகம் பெருநகரத்தின் கண்ணாடிக் கட்டடத்தில் பிறக்கவில்லை. பெரிய தொழிற்சாலையை நம்பியிருந்து, அது மூடியதும் நடுத்தெருவில் நின்ற ஓர் ஊரில் பிறந்தது. அனல்மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக வயதாகிவரும் நெய்வேலிப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடைக்காது.

இந்தியாவில் 1982-இல் மத்திய அரசு அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. 1986-இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி ‘ட்ரெக்-ஸ்டெப்’ என்ற தொழில்முனைவோர் பூங்கா வந்தது. தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்கு அதுதான் முன்னோடி. இன்று பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் காப்பகங்கள் இருக்கின்றன.

ஆனால் தோழர்களே, அரசு காப்பகம் கட்டுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் காப்பகங்கள் இருந்தன. அவற்றின் பெயர் சாதி.

நகரத்தார் வீட்டுப் பையன் பர்மாவிலோ மலாயாவிலோ உள்ள கடைக்குப் ‘பெட்டியடிப் பையனாக’ப் போவான். கணக்கு எழுதக் கற்பான், அடுத்தாள் ஆவான், பிறகு முதலாளி ஆவான். இடம், பயிற்சி, கடன், வாடிக்கையாளர் எல்லாமே உறவுக்குள் கிடைத்தன. திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்ததிலும் உறவும் சாதியும் தந்த கடன் பெரிய பங்கு வகித்தது. இவர்களில் யாரும் தனியாளாக, வெறும் ‘ஐடியா’வோடு நின்று ஜெயித்ததில்லை. முட்டை தானாகப் பொரிவதில்லை. மேலே ஒரு கோழி உட்கார வேண்டும்.

நாடார்களின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. கோயிலுக்குள் விடாமல், தோளில் துணி போட விடாமல் அவமானப்படுத்தப்பட்ட சமூகம் அது. அவர்கள் உறவின்முறை வழியாக ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு தொகையை ‘மகமை’ என்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பணம் விருதுநகரில் 1889-இல் பள்ளிக்கூடம் ஆனது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவர்கள் சரக்கை ஊர் வாங்கியது. சேரிக்காரர் போட்ட டீயை ஊர் குடிக்குமா என்ற கேள்வி அவர்கள் முன் இந்த அளவுக்கு நிற்கவில்லை.

நம் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் இதைப் புரிந்துவைத்திருந்தார். அவர் தலைமையில் 1965-இல் அமைந்து 1969-இல் அறிக்கை தந்த தேசியக் குழுவின் பொருளே தீண்டாமை, பொருளாதாரம், கல்வி மூன்றும் சேர்ந்ததுதான். ஒன்றை விட்டு இன்னொன்றைத் தீர்க்க முடியாது. 2005-ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் உடைமை 9.8 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் பங்கோ 16 சதவீதத்துக்கு மேல். அந்த இடைவெளியை அறிவுக்குறைவு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு மகமைக் கதையைச் சொல்லுங்கள்.

அரசு தந்த முட்டைகள்

நமக்கென்று திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. தாட்கோ 1974-இல் வந்தது. பெண்கள் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் பிறகு மாநிலம் முழுவதும் பரவின. ஆனால் நெடுங்காலம் இவை கொடுத்தது கறவை மாடு, தையல் மெஷின், சிறுகடன். 2011-இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகளுக்குச் சூரிய விளக்கு மாட்டினார்கள். வீடு நமக்கு வந்தது. அந்த விளக்கை மாட்டும் தொழில், பழுது பார்க்கும் தொழில் நம் கைக்கு வந்ததா? பயனாளி என்ற நாற்காலியிலேயே நம்மை உட்காரவைத்தார்கள்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2015-இல் பட்டியல் சாதியினருக்கான மூலதன நிதி. 2016-இல் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’: ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது அந்தத் திட்டம். 2020-இல் அம்பேத்கர் பெயரிலான புத்தாக்க, வளர்காப்பு இயக்கம்: நான்கு ஆண்டுகளில் 1,000 பட்டியல் சாதி இளைஞர்களுக்குக் காப்பகங்கள் வழியாக, மூன்றாண்டுகளில் தலா 30 லட்சம் ரூபாய் என்றது அறிவிப்பு. தமிழ்நாடு அரசு 2022-23-இல் பட்டியல் சாதி, பழங்குடிப் புத்தொழில்களுக்கு 30 கோடி ரூபாய் ஒதுக்கி, அடுத்த ஆண்டு அதை 50 கோடி ஆக்கியது. 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது: 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம்.

எல்லாவற்றையும்விட நம் பேச்சில் குறைவாக அடிபடும் ஒன்று, ஆனால் நெய்வேலிக்கு மிகவும் பொருந்துவது, 2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம் பெண்களின் நிறுவனங்களிடமும். நாடளவில் அந்த 4 சதவீத இலக்கு பல ஆண்டுகள் எட்டப்படவில்லை. கேட்டால், ‘தகுதியான நிறுவனங்கள் இல்லை’ என்று பதில் வரும். நிறுவனங்களை உருவாக்கத்தானே காப்பகம்?

பொரிந்த இடங்கள்

பொரிந்த கதைகளும் இருக்கின்றன. ராஜஸ்தானின் துங்கர்பூரில் பழங்குடிப் பெண்கள், மும்பை ஐ.ஐ.டி.யின் துணையோடு முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சூரிய விளக்குகளைக் கோத்துக் கொடுத்தார்கள். பிறகு சூரியத் தகடு செய்யும் தொழிற்சாலையே அமைத்தார்கள். அந்த நிறுவனத்தின் பங்கு பெண்களின் குழுக் கூட்டமைப்புகளிடம் இருக்கிறது. பயிற்சி மட்டும் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை. செய்த விளக்கை வாங்க ஆள் முன்பே தயாராக இருந்தது, உடைமையும் அவர்கள் பெயரில் இருந்தது.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சியே மின் உற்பத்தியாளர் ஆக முடியும் என்று அது காட்டியது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் தலித் குடும்பத்தில் பிறந்த வேதிப் பொறியாளர் இளங்கோ, 1996-இல் ஊராட்சித் தலைவரானார். தலித் வீடும் தலித் அல்லாதார் வீடும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் கட்டினார். கூடவே கிராமத்துக்குத் தேவையானதைக் கிராமத்திலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். வீட்டுச் சுவரும் தொழிலும் ஒரே பிரச்சினை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் புவனகிரி வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. தேர்தலில் ஜெயித்தவருக்கே நாற்காலி இல்லாத வட்டாரத்தில், கடை திறக்கும் பெண்ணுக்குக் கடைவீதியில் யார் இடம் தருவார்கள்?

இந்த முறை எங்கே உட்காரப் போகிறோம்?

சேத்தியாத்தோப்புக் காலனியில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்திருக்கிறாள். சூரிய பம்பு, கூரைத் தகடு பழுது பார்க்கும் கடை வைக்க விரும்புகிறாள். காப்பகத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். கடைவீதியில் அறை கேட்டால் முதலில் “எந்தத் தெரு?” என்பார்கள். வங்கியில் மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கையும் அடமானத்தையும் கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு முன் அனுபவம் கேட்பார்கள். வீட்டுக் கூரைச் சூரிய மின் திட்டத்தில் தன் தெருவிலேயே வாடிக்கையாளர் தேடலாம் என்றால், சொந்த வீடும் தாங்கும் கூரையும் முறையான மின் இணைப்பும் இருந்தால்தான் மானியம். புறம்போக்கில் குடிசைக்கு ஒற்றை விளக்கோடு இருப்பவருக்கு அது பொருந்தாது. அவளுக்கு எங்கே குறை? திறமையில் இல்லை.

என்.எல்.சி. 2015-இல் நெய்வேலியில் 10 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு தொடங்கி, இன்று 1,000 மெகாவாட்டைத் தாண்டிய புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வைத்திருக்கிறது. கரி போய்ச் சூரியன் வரும். அதை வரவேற்கிறோம். சாம்பலும் தூசியும் முதலில் படிந்தது சேரியின் நுரையீரலில்தான். ஆனால் சூரியப் பூங்காவிலும் தகடு கழுவ, புல் வெட்ட, இரவுக் காவல் நிற்க மட்டும் நம்மைக் கூப்பிட்டால், 1957-இல் நடந்ததே மறுபடியும் சுத்தமான காற்றில் நடக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

காப்பகம் சென்னை, கோவையோடு நிற்காமல் சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம், விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு வரட்டும். பட்டறை இடத்தை அரசே கட்டி வாடகைக்குக் கொடுக்கட்டும். அறைக்காக யாரும் சாதி சொல்ல வேண்டியிராது.

பயிற்சியோடு கொள்முதல் உறுதி வேண்டும். நெய்வேலி நகரியத்தின் கூரைத் தகடு, தெருவிளக்கு, பம்பு பராமரிப்பில் 4 சதவீதமும் 3 சதவீதமும் இந்த மாவட்டத்துக் குழுக்களுக்கு முதலில் வரட்டும்.

நிலம் இழந்தவர் பட்டியலோடு கூலி இழந்தவர் பட்டியலும் எடுக்கப்படட்டும். அந்தக் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் இத்திட்டங்களில் முதல் வரிசையில் நிற்கட்டும்.

தனியாளுக்கு மட்டும் அல்ல, பத்துப் பெண்கள் சேர்ந்து பங்குதாரராகும் நிறுவனத்துக்கும் நிதி கிடைக்கட்டும். நம்மிடம் மகமை இல்லை, கூட்டு இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, பட்டியல் சாதியினர் நிறுவனங்களிடமும் பெண்கள் நிறுவனங்களிடமும் என்.எல்.சி. எவ்வளவு வாங்கியது, அதில் கடலூர் மாவட்டத்து நிறுவனங்கள் எத்தனை என்று கேளுங்கள். உங்கள் பகுதி வங்கிக் கிளையில் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ கடன் எத்தனை பட்டியல் சாதியினருக்குப் போனது என்றும் கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தமிழில் எழுதி ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பப் படிவத்தைப் பிறகு நிரப்பலாம். அப்போது கையேந்தும் குரலில் நிரப்ப மாட்டீர்கள்.

வளையமாதேவியில் புரட்டப்பட்ட நெல்லை நட்ட பெண்ணின் மகள் இன்று ஏதோ ஒரு கல்லூரியில் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். தங்கையே, உன் அம்மாவின் கூலிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. நீ தொடங்கும் தொழிலின் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அதை எழுதி வை.

ஜெய்பீம்!